அக்கரையில் தொங்கிய சாவி

ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பகல் தூக்கம் பழகிவிட்டது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு சாய்மனைக் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினால், நான் வரைந்த வரைபடங்களுக்குள்ளே நடக்கத் தொடங்கிவிடுவேன். கனவில் வடிகான்கள் கோணல் இல்லாமல் ஓடுகின்றன. மரங்கள் காகிதத்தில் போட்ட பச்சை வட்டங்களாகவே நிற்கின்றன, ஆனால் அவற்றின் கீழே விழும் நிழல் மட்டும் உண்மையான நிழல், குளிர்கிறது. கொஞ்ச நேரத்தில் காகிதத்தின் மேற்கு ஓரத்திலிருந்து, வாவி இருக்கும் பக்கத்திலிருந்து, தண்ணீர் சத்தமில்லாமல் ஏறி வரும். கணுக்கால் நனையும்போது விழித்துக்கொள்வேன். "என்னப்பா, மறுகாவும் கந்தோருக்குப் போயிற்றா வாறீங்க?" என்று மனைவி கேட்பார். ஓம், பழைய அலுவலகத்துக்குத்தான் என்பேன்.

போன மாதம் பிரதேச சபைக்குப் புதிதாகச் சேர்ந்த தொழினுட்ப உத்தியோகத்தர்கள் நீங்கள் நாலு பேரும் வீட்டுக்கு வந்தீர்கள். வாவிக்கரையில் அமையப்போகும் பொது வெளியின் வரைபடத்தைத் திரையில் விரித்துக் காட்டினீர்கள். வெக்கைக்கு நிழல், மழைநீர் தங்கக் குளம், வெள்ளத்துக்கு ஒதுங்க மேடு, எல்லாம் அதில் இருந்தது. 'காலநிலைத் தாங்குதிறன்' என்ற சொல்லை ஒரு தங்கச்சி நாக்கு இடறாமல் சொன்னபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. பிறகு வாசல் பக்கம் பார்த்தேன். அங்கே ஒரு கேற் வரைந்திருந்தீர்கள். பலகாரத்தை எடுங்கள், தேத்தண்ணி ஆறுது என்று பேச்சை மாற்றி உங்களை அனுப்பிவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். என்னைப் பற்றி நல்லபடியாக எழுத எனக்கும் ஆசைதான். இந்தக் கதையில் அதற்கு அதிகம் இடமில்லை.

என் காலத்தில் அந்தப் பெரிய சொல் கிடையாது. மழை வந்தால் வெள்ளம், கச்சான் வீசினால் வெக்கை, அவ்வளவுதான் எங்கள் அகராதி. கச்சான் காற்றை நீங்கள் அறிவீர்கள். வருடத்தின் நடுவே மேற்கிலிருந்து வாவியைத் தாண்டி வரும். இத்தனை தண்ணீரைத் தாண்டி வந்தும் ஒரு துளி ஈரத்தை எடுத்துக்கொண்டு வராது. நான் முதன்முதலில் வரைந்த பஸ் தரிப்பிடத்தை வாவியைப் பார்த்தபடி வரைந்தேன். அந்தி சாயும்போது அதில் உட்கார்ந்தால் தண்ணீர் முழுக்கச் செம்பொன் நிறம். பார்த்தவர்கள் எல்லாம் கெட்டிக்காரன் என்றார்கள். கச்சான் தொடங்கியது. ஒரு சீவனும் அதற்குள் உட்காரவில்லை. பஸ்ஸுக்கு வந்தவர்கள் எல்லாரும் தரிப்பிடத்தின் பின்சுவர் ஓரமாக, ஒரு முழ அகல நிழலில், வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய கால்மாட்டில் ஒரு செவலைப் பசு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அழகு பார்க்க வருகிறவர் அரை மணித்தியாலம் இருப்பார். பஸ்ஸுக்கு நிற்கிறவள் ஆயுள் முழுக்க நிற்பாள். இதை எனக்கு எந்தப் பட்டறையிலும் யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தப் பசுவை எனக்கு முன்பே தெரியும். எங்கள் சபையில் ரீ.ஓ. என்று அழைக்கப்படும் தொழினுட்ப உத்தியோகத்தரின் தலையில் இன்னொரு வேலையையும் கட்டியிருந்தார்கள். றோட்டில் திரியும் கட்டாக்காலி மாடுகளைப் பிடிப்பிக்கிற வேலை. படித்த படிப்புக்குப் பிடித்த மாடு என்று மனைவியின் தம்பி கேலி பண்ணுவான். மாடு பிடிக்க வேண்டுமென்றால் அது எந்த மாதத்தில் எங்கே படுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு வந்தேன். கச்சான் காலத்தில் எந்தச் சுவரின் கிழக்கே, மாரியில் எந்த வளவில், எல்லாம் அதில் இருந்தது. அந்தச் செவலைக்கு இடது கொம்பு உள்ளே வளைந்திருக்கும். மற்ற மாடுகள் அதன் பின்னால்தான் போகும். என் தொழிலில் எனக்கு ஆசான் யாரென்று கேட்டால், பெயர் தெரியாது, நாலு கால் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மாரி தொடங்கினால் செவலை தன் கூட்டத்தோடு கரையோரத்து ஒழுங்கையின் முடிவில் இருந்த ஒரு வெறும் வளவுக்குப் போய்விடும். பார்க்க அது மேடாகவே தெரியாது. ஒரு நாள் சந்தேகத்தில் மட்டமானியை வைத்துப் பார்த்தேன். ஒழுங்கையின் வீடுகள் எல்லாவற்றையும்விட அந்த வளவு நெஞ்சளவு உயரத்தில் இருந்தது. முப்பது குடும்பங்கள் ஒவ்வொரு மாரியிலும் பாய் தலையணையோடு மெயின் றோட்டுக்கு ஓடுகின்றன, அவர்களுடைய ஒழுங்கைக்குள்ளேயே தண்ணீர் ஏறாத நிலம் கிடக்கிறது, அது மாட்டுக்குத் தெரிகிறது, எங்களுக்குத் தெரியவில்லை.

அங்கேதான் என்னுடைய பொது வெளியை வரைந்தேன். பக்கத்துப் பள்ளத்தில் ஒரு குளம் தோண்டி, அந்த மண்ணால் மேட்டை இன்னும் உயர்த்தினோம். மேலே சுவரில்லாத ஒரு மண்டபம். கச்சானை மறிக்க மேற்கே பூவரசும் மருதும். மேட்டில் ஏறப் படி வைக்கவில்லை, அகலமான சாய்தளம் வைத்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. செவலையின் சொந்தக்காரி பரமேஸ்வரி அந்த ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருந்தார். அவருடைய கணவர் தேவராசா தென்னையில் இருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கட்டிலில் கிடந்தார். மூன்று பசுக்களின் பாலில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. மாடு விடயமாகப் பேசப் போகும்போதெல்லாம் அந்தக் கட்டிலைப் பார்ப்பேன். அதன் அகலத்தை ஒரு நாள் நாடாவால் அளந்துகொண்டேன்.

"என்னத்துக்குச் சேர் கட்டில அளக்கிறீங்க? எனக்குப் பெட்டி அடிக்கவா?" என்று தேவராசா சிரித்தார்.

"இல்ல அண்ணன். தண்ணி வந்தா உங்களக் கட்டிலோட தூக்கி நேரா மேட்டுக்குக் கொண்டு போகலாம். அதுக்கு ஏத்த மாதிரி வழி வெக்கப்போறன்."

அவர் முகட்டைப் பார்த்தபடி, "அப்ப இனி நான் தண்ணிக்குப் பயப்படத் தேவல்ல" என்றார்.

திறந்த பிறகு வந்த சில மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மெல்லிய மயக்கம் வரும். பின்னேரத்தில் பெண்கள் மண்டபத்தில் கூடினார்கள். மீன் வலையைப் பரப்பி வைத்துத் தைத்தார்கள். குளத்தில் எங்கிருந்தோ அல்லி வந்து பூத்தது. வாவிக் காற்று வந்து ஒவ்வொருவரையும் தொட்டுவிட்டுப் போவதை நான் சைக்கிளைப் பிடித்து நின்றபடி பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு ஊர் மூச்சு விடுவதைப் பார்க்கிறேன் என்று தோன்றும்.

பிறகு மாடுகள் கன்றுகளைத் தின்றன. பூவரசங்கன்று ஒன்றும் மிஞ்சவில்லை. திரும்ப நட்டோம், திரும்பத் தின்றன. மாதாந்தக் கூட்டத்தில் தவிசாளர், "ரீ.ஓ., மாட்டுக்குச் சாப்பாட்டுக் கடை திறந்திரிக்கீங்களாம், எப்பிடி யாவாரம்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. தம்பிமாரே, ரோசத்தில் வரைந்த வரைபடம் ஒருநாளும் உருப்படாது. கொங்கிறீட் தூண் நட்டு, வளவைச் சுற்றிக் கம்பி வலை அடித்து, மேலே முள்ளுக்கம்பி ஓட்டினேன். சாய்தளத்தின் வாயில் இரும்புக் கேற், அதற்கு ஒரு பெரிய பூட்டு. காலையில் திறக்கவும் பின்னேரம் பூட்டவும் ஒரு காவலாளி. நல்ல மனிதர், அக்கரையில், படுவான்கரையில் இருந்து தினமும் பாதையில் வருகிறவர். பாதை என்றால் எங்கள் வாவியில் ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு கடக்கும் தட்டையான படகு. வெளியூரில் இருந்து வந்த உங்களில் ஒருவருக்காகச் சொல்கிறேன். "சாவிய ஆரிட்டயும் குடுக்கப்படாது, உங்கட கையிலயே இருக்க வேணும்" என்று அவருக்குக் கண்டிப்பாகச் சொன்னேன். அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

மாட்டிடம் கேட்டு இடத்தைப் பிடித்தவன், அந்த மாட்டுக்கே கேற்றைப் பூட்டினேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை என்பது இதுதான். ஆனால் அப்போது அப்படித் தெரியவில்லை. கன்றுகள் துளிர்த்தன, நான் மகிழ்ந்தேன்.

அந்த மாரியில் ஒரு பின்னேரம் அடைமழை. பரமேஸ்வரி கம்பி வலையை வெட்டித் தன் மாடுகளை உள்ளே விட்டுவிட்டார். மறுநாள் போனால் ஏழு கன்றுகள் மொட்டையாக நின்றன. நான் விசாரிக்கவில்லை. நேரே பொலிசுக்குப் போய், அரச சொத்துக்குச் சேதம் என்று முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். அவரை அழைத்து ஒரு காலைப்பொழுது முழுக்க மர வாங்கில் உட்கார வைத்தார்கள். இனிமேல் சபைச் சொத்தில் கை வைப்பதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். வெளியே வந்தவர் என்னைக் கண்டு நின்றார்.

"சேர், மழைக்கு அதுகள் எங்க போற?"

"அது உங்கட பிரச்சின" என்றேன்.

இந்த மூன்று சொல்லை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கமாக இல்லை. வெட்டிய இடத்தை இரட்டைக் கம்பி வைத்துத் தைப்பித்தேன்.

அடுத்த வருடம் மழை விட்டுவிட்டுப் பெய்யாமல் ஒரே நூலாக இறங்கியது. மேற்கே குளங்கள் நிரம்பி வான் பாய்ந்து அவ்வளவு தண்ணீரும் வாவிக்குள் வந்தது. முகத்துவாரத்து மணல்மேடு இன்னும் வெட்டப்படவில்லை, ஆகவே தண்ணீருக்குக் கடலுக்குப் போக வழியில்லை. எங்கள் வாவி வெள்ளத்தில் இரைச்சல் கிடையாது. வீட்டுக்குள் நடந்து வரும் பூனையைப் போல வரும். நீங்கள் கோப்பையைக் கழுவிவிட்டுக் கிறுகிப் பார்த்தால் கதிரைக் கால் நனைந்திருக்கும்.

அன்று காலை நானும் சபை ட்ரக்டர் சாரதி றாசிக்கும் வேறொரு ஒழுங்கையில் அடைத்த மதகைத் தோண்டிக்கொண்டிருந்தோம். றாசிக் காத்தான்குடிக்காரர், என்னோடு பல வருடம் வேலை செய்தவர், என் முகத்தைப் பார்த்தே எண்ணத்தைச் சொல்லிவிடுவார். கிராம உத்தியோகத்தர் போன் எடுத்தார். கரையோரத்து ஒழுங்கை ஆட்கள் மேட்டு வாசலில் நிற்கிறார்கள், கேற் பூட்டியிருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். அப்போதும் எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. காவலாளி திறந்துவிடுவார் என்றேன்.

ட்ரக்டர் ஒழுங்கைக்குள் இறங்கியபோது ஏதோ ஒரு கனவுக்குள் இறங்குவது போலத்தான் இருந்தது. தண்ணீர் வெறுந்தேத்தண்ணி நிறம். ஆற்றுவாழை ஊதாப் பூக்களோடு வேலியோரமாக மிதந்து போனது. ஒரு நீலப் பேசின் யாருடைய வாசலில் இருந்தோ புறப்பட்டு எங்களோடு கூடவே வந்தது. மழை நின்றிருந்தது. அவ்வளவு அமைதி. அந்த அமைதியின் முடிவில், என்னுடைய கேற்றின் முன்னால், ஒழுங்கை முழுவதும் முழங்கால் தண்ணீரில் நின்றது.

இளசுகள் சிலர் கம்பியில் சட்டை கிழிய ஏறிக் குதித்து, சின்னப் பிள்ளைகளை வாங்கி மேலே விட்டிருந்தார்கள். வயது போனவர்களால் ஏற முடியவில்லை. கட்டிலால் ஏற முடியவில்லை. தேவராசாவைக் கட்டிலோடு நாலு பேர் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பரமேஸ்வரி ஒரு கையில் மூன்று மாட்டுக் கயிற்றையும் பிடித்திருந்தார். செவலை நிறைசினை. அவருடைய மற்றக் கையில் ஒரு அலவாங்கு இருந்தது. ஒரு நெம்பு நெம்பினால் அந்தப் பூட்டு கழன்றிருக்கும்.

"கையில அலவாங்கு இரிக்கி, உடைக்கிறதுக்கு என்ன?" என்று நான் கேட்டேன். ஆம், நான்தான் கேட்டேன்.

"எப்பிடிச் சேர் உடைக்கிற? கை வைக்க மாட்டன் எண்டு கையெழுத்து வெச்சிக் குடுத்திரிக்கன்."

மற்றவர்களும் பூட்டில் கை வைக்கவில்லை. அவரைப் பொலிஸ் வாங்கில் உட்கார வைத்ததை அந்த ஒழுங்கை முழுக்கப் பார்த்திருந்தது.

றாசிக் ஏற்கெனவே இழுவைச் சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டார். "சேர், கேற்றுல கொழுவி ஒரு இழுவ. முடிஞ்சிது."

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. "பொறுங்க றாசிக். செயலாளருக்கிட்ட ஒரு வார்த்த கேட்பம்" என்றேன்.

சபைச் செயலாளரின் போன் போகவில்லை. தவிசாளரின் போன் போய் அறுந்தது. சிக்னலுக்காக ட்ரக்டர் பெட்டியின் விளிம்பில் ஏறி நின்று ஒவ்வொரு பக்கமாகத் திரும்பினேன். அக்கரைக்கு எடுத்தேன். அதிசயமாக அது போனது.

"சாவி என்கிட்டத்தான் இரிக்கி சேர்" என்றார் காவலாளி. "பயப்படாதீங்க. ஆணியில கொழுவி வெச்சிரிக்கன். ஆரும் தொடல்ல. பாதைதான் ஓடல்ல, தண்ணி இழுப்பு மிச்சம் கூட."

அவர் குரலில் கடமையைச் செய்த நிம்மதி இருந்தது. நான் சொன்னதை அவர் அப்படியே செய்திருந்தார். மறுபடியும் செயலாளருக்கு எடுத்தேன். அப்போது என் மனதுக்குள் என்ன ஓடியது என்று உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். தேவராசா ஓடவில்லை. கந்தோர்க் கோவைதான், அந்தப் பைல்தான் ஓடியது. அரச சொத்துக்குச் சேதம் என்று போன வருடம் நானே எழுதிய அதே கோவையில், இப்போது என் பெயரை எப்படி எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வூதியத்துக்கு நாலு வருடம் இருந்தது. வாய்மொழி அனுமதி கிடைத்தால் எந்த வசனத்தில் பதிவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

தண்ணீர் கட்டில் தூக்கியவர்களின் தொடைக்கு வந்துவிட்டது. கட்டில் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. தேவராசா என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "எனக்கு அவசரமில்ல சேர். பொடியன்மாருக்குத்தான் தோள் நோகுது."

நான் போனைக் காதில் இருந்து எடுக்கவில்லை.

அந்த நேரத்தில் செவலை கயிற்றைப் பறித்துக்கொண்டு வேலியோரமாக ஓடியது. போன வருடம் பரமேஸ்வரி வெட்டித் திறந்த இடத்தை அது மறக்கவில்லை. நான் இரட்டைக் கம்பி வைத்துத் தைத்த அந்த இடத்தில் நெஞ்சை முட்டிப் பார்த்தது. பின்னால் வாங்கியது. பின்னால், வேலிக்கு வெளியே இருந்தது நான் தோண்டிய குளம். வெள்ளத்துக்குக் கீழே அது இருக்கிற அடையாளமே தெரியவில்லை. செவலை அதற்குள் சரிந்தது. கழுத்துக் கயிறு கம்பியில் மாட்டியிருந்ததால் அதனால் நீந்தவும் முடியவில்லை. இரண்டு பேர் பாய்ந்து போனார்கள். கயிற்றை அறுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பரமேஸ்வரி ஒரு சத்தம் போட்டார். சொல் இல்லாத சத்தம்.

அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வந்தது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்து, சங்கிலியை நானே கேற்றில் கொழுவினேன். றாசிக் இழுத்தார். ஒரே இழுவை. கேற் தூணோடு பெயர்ந்து வந்து தண்ணீரில் விழுந்தது. பூட்டு உடையவே இல்லை, கடைசி வரை பூட்டியபடியே கிடந்தது. கட்டில் சாய்தளத்தில் ஏறியது. அளந்து வைத்த அகலம் சரியாக இருந்தது.

மூன்று நாள் அந்த மேடு ஒரு தீவு. சுவரில்லாத மண்டபத்தில் முப்பது குடும்பங்கள் பாய் விரித்தன. ஆடு, கோழி, நாய், மிச்சம் இரண்டு மாடு எல்லாம் சுற்றிப் படுத்தன. விடியும்போது வாவிக்கும் நிலத்துக்கும் எல்லை தெரியாமல் எங்கும் ஒரே வெள்ளித் தகடு, அதன் நடுவே எங்கள் அடுப்புப் புகை. அப்படி ஓர் அழகை நான் வேறெங்கும் கண்டதில்லை. தேவராசா கட்டிலில் கிடந்தபடியே வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்த நாளுக்குப் பிறகு அவர் வாவியைப் பார்த்தது அதுதான் முதல் தரமாம். நான் வரைந்தது வேலை செய்தது, தம்பிமாரே. அதை நினைத்து மகிழ எனக்கு அப்போது வாய்க்கவில்லை.

இரண்டாம் நாள் பரமேஸ்வரி, வேலிக்குள் நின்ற பூவரசங்கன்றுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யாருக்கோ சொல்வது போலச் சொன்னார்: "வளவ ஏன் அடைச்ச? மரத்த அடைச்சாக் காணுமே." ஒவ்வொரு கன்றுக்கும் நாலு கம்பும் கொஞ்சம் முள்ளும். இந்த எண்ணம் படித்த எனக்கு வரவில்லை. தண்ணீர் வற்றிய பிறகு வேலியைக் கழற்றி அப்படித்தான் செய்தோம். போய்ப் பாருங்கள். இன்றைக்கு அந்தப் பூவரசுகள் மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தில் நிற்கின்றன. கச்சான் காலத்து மத்தியானத்தில் அவற்றின் கீழே மாடும் மனிதரும் ஒன்றாகப் படுத்திருப்பார்கள். வாசலில் தூண் நின்ற குழி மட்டும் இருக்கிறது. வெள்ளம் வருமுன் அணை கோலு என்று எல்லாரும் சொல்வார்கள். அணையில் பூட்டுப் போடாதே என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் வரைபடத்தில் கேற் இருந்துதான் ஆக வேண்டும் என்றால், ஒன்று மட்டும் கேளுங்கள். இதன் சாவி இரவில் எந்த வீட்டில் நித்திரை கொள்ளும்?

இனி ஒரு விடயம் மிச்சம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

வெள்ளம் வடிந்து ஒரு மாதம் கழிய, நான் பயந்தபடியே மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கேற் யாருடைய அனுமதியுடன் அகற்றப்பட்டது? என் பதிலோடு ஒழுங்கையில் வசிப்பவர் ஒருவரின் சாட்சியும் வேண்டும் என்றார்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு பரமேஸ்வரி வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்தார். வவுணதீவுப் பக்கம் இருந்து வந்த புது வைக்கோல், வட்டை வயல் மணம் இன்னும் போகவில்லை. மூன்று முளையில் இரண்டில்தான் மாடு நின்றது. பசுவைப் பற்றி நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "வாசிங்க சேர், கேட்பம்" என்றார்.

வாசித்தேன். "யாருடைய அனுமதியும் பெறப்படவில்லை. மக்களின் உயிர்ப் பாதுகாப்பைக் கருதி எனது சொந்தத் தீர்மானத்தின்படி கேற்றை அகற்றினேன்."

அந்த வசனம் எழுதியபோது எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் வீரமாகக்கூட இருந்தது.

"அப்ப அண்டைக்கு அந்த போன்ல ஆர்ர உத்தரவும் வரல்லயா சேர்?"

"இல்ல. ஒருத்தரும் எடுக்கல்ல."

"உத்தரவு இல்லாமலே உடைக்க உங்களுக்கு ஏலுமா இருந்திச்சா?"

"ஓம்" என்றேன்.

அவர் கடிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப வந்த உடனேயே உடைச்சிரிக்கலாமே சேர்."

கோபத்தில் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையாகவே விளங்கவில்லை.